சத்தம் வராத சண்டை

இருபது வருடம் பரணில் கிடந்த கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டதா? தூக்கி எறியும் முன் ஐந்தாம் நம்பர் கயிற்றைப் பாருங்கள்.

செகந்திராபாத் மேற்கு மாரேட்பள்ளியில் என் மாமனார் வீட்டுப் பரணிலிருந்து அந்தப் பெட்டி இறங்கியபோது, கூடவே இறங்கியது இரண்டு தசாப்தத் தூசு. 1997ல் அசெம்பிள் செய்து வாங்கிய பென்டியம். அதில் விண்டோஸ் 95, சில டாஸ் விளையாட்டுகள், அப்புறம் மாமனாரின் வர்ணம். மகளின் வீணைப் பயிற்சிக்காக மோகன ராக 'நின்னுக்கோரி'யை ஒவ்வொரு ஸ்வரமாகத் தட்டி மிடி கோப்பாகச் சேமித்திருந்தார். கமகம் அறவே கிடையாது. கேட்டால் மாருதி கார் ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் ட்யூன்போல இருக்கும். ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

பெட்டி உயிர்பெற்றது. வர்ணம் வரவில்லை.

கோப்பை லேப்டாப்பில் ஏற்றிக் கேட்டால் போதாதா? கேட்டோம். பளபளவென்று பியானோ போல ஏதோ ஒலித்தது. மாமனார் தலையை ஆட்டிவிட்டார். அவர் ஆட்டியதில் நியாயம் இருக்கிறது. மிடி கோப்பில் இருப்பது எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எந்த வாத்தியம் என்ற குறிப்பு மட்டுமே. அந்த ஸ்வரத்துக்குக் குரல் கொடுப்பது சவுண்ட் கார்டில் உட்கார்ந்திருக்கும் யமஹா சில்லு. அட்டை போனால் குரல் போயிற்று.

அட்டை போய்விட்டது என்றுதான் சொன்னார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கடையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, தெலுங்கும் இந்தியும் கலந்து தீர்ப்பளித்தார்கள்: கார்டு செத்துவிட்டது, இந்த மாடல் இனி கிடைக்காது, மொத்தமாகப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.

தீர்ப்பைச் சந்தேகிக்க வைத்தது ஒரு டாஸ் விளையாட்டு. விண்டோஸில் ஊமையாக இருந்த அதே அட்டை, டாஸில் பின்னணி இசையை ஒழுங்காக வாசித்தது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் அரை விநாடி கேட்டு, அதே அரை விநாடியையே திரும்பத் திரும்பக் கக்கியது. செத்த அட்டை பாடாது. பாடவும் செய்கிறது, திக்கவும் செய்கிறது என்றால், யாருடனோ தகராறு என்று அர்த்தம்.

தகராறு எதற்கு? பஸ்ஸில் கண்டக்டர் இழுக்கும் மணிக்கயிறை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு கருவியும் பிராசஸரின் கவனத்தைத் திருப்ப இப்படி ஒரு கயிறு வேண்டும். அதன் பெயர் ஐஆர்க்யூ. 1981ல் வந்த ஐபிஎம் பிசியில் எட்டே கயிறுகள். 1984ல் வந்த ஏடி மாடலில் இன்னொரு சில்லைச் சேர்த்துப் பதினாறாக்கினார்கள். அதிலும் ஒன்று இரண்டு சில்லுகளையும் இணைப்பதற்கே போய்விட்டது. கடிகாரம், கீபோர்டு, ஃப்ளாப்பி, ஹார்டு டிஸ்க், பிரிண்டர், மவுஸ் என்று ஆளுக்கொன்று பிடித்துக்கொள்ள, புதிதாக வருபவருக்கு மிஞ்சுவது நான்கைந்துதான். பழைய ஐஎஸ்ஏ அட்டைகளுக்குப் பங்கு போட்டுக்கொள்ளவும் தெரியாது. ஒரு கயிறு, ஒரே ஆள்.

சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ (2023 ஜனவரியில் காலமானார்) நடத்திய கிரியேட்டிவ் நிறுவனம் 1989ல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டபோது, அது பிடித்தது பிரிண்டரின் ஏழாம் நம்பரை. டாஸில் பிரிண்டர் பெரும்பாலும் கயிறை இழுக்காமலே காலம் தள்ளிவிடும் என்பதால் பலருக்கு இது தெரியவே இல்லை. பிறகு வந்த அட்டைகள் ஐந்துக்கு மாறின. போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1. விளையாட்டு எழுதியவர்கள் எல்லோரும் இதையே எதிர்பார்த்தார்கள். 1998ல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறந்து ஹைதராபாத் உலக வரைபடத்தில் ஏறிய நாட்களில், பார்க்லேனின் செனாய் டிரேட் சென்டரில் பாகங்களை வாங்கிப் பெட்டி கட்டிய பையன்கள் '220, 5, 1' என்பதைக் கோத்திரம் சொல்வதுபோல ஒப்பிப்பார்கள்.

இந்த மூன்று எண்களில் எது பிசகினாலும் அறிகுறி வேறு. போர்ட் தவறினால் அட்டை இருப்பதே தெரியாது. டிஎம்ஏ தவறினால் மௌனம் அல்லது கரகரப்பு, சில சமயம் மெஷினே உறைந்துவிடும். ஐஆர்க்யூ தவறினால் எங்கள் துப்பாக்கிபோலத் திக்கும். ஒரு துண்டு ஒலி முடிந்ததும் 'அடுத்தது கொடு' என்று அட்டை கயிறை இழுக்கிறது. பிராசஸர் காதில் விழவில்லை. கையில் இருக்கும் பழைய துண்டையே சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. பின்னணி இசை தப்பித்ததும் இதனால்தான்: யமஹா சில்லுக்கு இந்தக் கயிறே தேவையில்லை.

அப்படியானால் விண்டோஸில் வர்ணமும் ஏன் ஊமை? சிஸ்டம் ஐகானில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் சவுண்ட் கார்டு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி. தகராறு என்று தெரிந்ததும் விண்டோஸ் அட்டையையே ஒதுக்கிவைத்துவிட்டது. ('பிளக் அண்ட் பிளே'யை அந்த நாளில் 'பிளக் அண்ட் பிரே' என்றார்கள். செருகு, வேண்டிக்கொள்.) பட்டியலின் உச்சியில் 'கம்ப்யூட்டர்' என்ற வரியை இருமுறை க்ளிக் செய்தால் எந்தக் கயிறு யார் கையில் என்று தெரியும். ஐந்தாம் நம்பரைப் பிடித்திருந்தது, 2001ல் கேபிள் இன்டர்நெட்டுக்காகச் செருகிய பிசிஐ நெட்வொர்க் கார்டு.

ஆனால் 2001க்குப் பிறகும் வர்ணம் பாடியதே என்று மாமனார் மடக்கினார். நல்ல கேள்வி. விடை, மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி. அது தீர்ந்து, பயாஸ் தன் ஞாபகம் முழுவதையும் இழந்திருந்தது. பெட்டியைப் போட்டதும் 'சிமாஸ் செக்சம் எரர்' என்று திரை அலறியதை நாங்கள்தான் எஃப்1 தட்டி அலட்சியப்படுத்தினோம். கட்டிக்கொடுத்தவர் 1997லேயே 'ஐந்து, பழைய அட்டைக்கு ரிசர்வ்' என்று பயாஸில் குறித்திருக்க வேண்டும். குறிப்பு அழிந்ததும், காலியாகத் தெரிந்த ஐந்தை பயாஸ் நெட்வொர்க் கார்டுக்குத் தாரைவார்த்துவிட்டது.

புது சிஆர்2032 பேட்டரி ஒன்று. பயாஸில் பிஎன்பி/பிசிஐ பக்கத்தில் ஐஆர்க்யூ 5ஐ 'லெகசி ஐஎஸ்ஏ' என்று மாற்றம். அவ்வளவுதான். இந்த வசதி இல்லாத பயாஸ் என்றால் பிசிஐ அட்டையை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம், அல்லது உபயோகமில்லாத காம்2 போர்ட்டை அணைத்து ஒரு கயிறை விடுவிக்கலாம். உங்களுடையது 486 அல்லது அதற்கும் முந்தையது என்றால் ஓர் எச்சரிக்கை: அவற்றில் பல, போர்டோடு பற்றவைத்த நிக்கல்-காட்மியம் பேட்டரியுடன் வந்தவை. அது கசிந்து செம்புப் பாதைகளைத் தின்றுவிடும். கம்ப்யூட்டரைப் போடும் முன்பே திறந்து பாருங்கள். பச்சைப் பூஞ்சைபோலத் தெரிந்தால் அதை அகற்றிச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை.

மஞ்சள் குறி மறைந்தது. ஸ்பீக்கரில் லேசான இரைச்சல், பிறகு மாருதி ரிவர்ஸ் எடுத்தது. பல்லவி தாண்டி அனுபல்லவியில் ஒரு காந்தாரம் இடறியது. "அது அப்பவே தப்பு. திருத்தணும்னு நெனச்சேன்," என்றார் மாமனார். மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.