வேகமும் வேண்டும், பூமியும் வேண்டும்!

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் 2010 முதல் 2013 வரை தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியன் ஆனவர், ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல். பெட்ரோல் குடித்துப் பறக்கும் கார்கள்தான் அவர் பிழைப்பு. பருவநிலை மாற்றம் பற்றியும் ஓயாமல் பேசினார். 'இது இரட்டை வேடம் இல்லையா?' என்ற கேள்வி 2022 மே மாதம் பி.பி.சி. விவாத நிகழ்ச்சியில் வந்தது. அவர் மழுப்பவில்லை. ஆமாம் என்றே ஒப்புக்கொண்டார்.

அதோடு நிற்கவும் இல்லை. ஜூலையில், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில், நைஜல் மேன்செல் 1992-ல் பட்டம் வென்ற வில்லியம்ஸ் காரை ஓட்டிக் காட்டினார். அது அப்போது வெட்டலின் சொந்தக் கார். டேங்கில் இருந்ததோ வழக்கமான பெட்ரோல் அல்ல, மாற்று எரிபொருள். இத்தகைய எரிபொருளைத் தாவரக் கழிவிலிருந்தோ, காற்றில் உள்ள கரியமில வாயுவிலிருந்தோ தயாரிக்கலாம். எரியும்போது புகை வரும். ஆனால், காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் காற்றுக்கே திரும்புகிறது.

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. ஃபார்முலா 1 நிர்வாகம் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, அதன் மொத்த கார்பன் வெளியீட்டில் பந்தயக் கார்களின் பங்கு 0.7 சதவிகிதம் மட்டுமே. கார்களையும் கருவிகளையும் நாடு நாடாகச் சுமந்து செல்வதில் மட்டும் 45 சதவிகிதம். வேகத்தைவிட அலைச்சல்தான் பெரிய வில்லன்!

2022 முடிவில் வெட்டல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு ஜப்பானின் சுசூகா களத்துக்கு மீண்டும் வந்தார். பந்தயம் ஓட்ட அல்ல. இரண்டாவது வளைவின் ஓரத்தில், சக வீரர்களோடு சேர்ந்து தேனீக்களுக்கு வீடு கட்ட!