சுகோயின் வயிற்றில் தொங்கும் இரண்டரை டன்

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 எம்கேஐ விமானங்களுடன் 222-வது படைப்பிரிவு தொடங்கப்பட்டபோது, பேச்செல்லாம் அவற்றின் வயிற்றுக்கடியில் தொங்கும் பிரம்மோஸ் ஏவுகணையைப் பற்றித்தான். அதன் எடை இரண்டரை டன். எட்டு டன் ஆயுதம் சுமக்கும் விமானத்துக்கு இது ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ஆனால் வேகமெடுத்த பிறகு விமானத்தைத் திணறடிப்பதில் எடையைவிடக் காற்றிழுவைக்கே பங்கு அதிகம். மணல் லாரியைவிட வைக்கோல் லாரிக்குப் பாரம் குறைவு. எதிர்காற்றில் எது தவிக்கும் என்று பேரையூர்–டி.கல்லுப்பட்டி சாலையில் ஓட்டுகிற எந்த டிரைவரும் சொல்லிவிடுவார்.

வேகம் இரு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். ஒலியின் வேகத்தை நெருங்கினாலோ அதிர்ச்சி அலைகளும் சேர்ந்துகொள்ள, அது இன்னும் செங்குத்தாக ஏறும். ஏவுகணைக்கும் விமானத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் நெருக்குண்டு ஓடும் காற்று தன் பங்குக்கு வேறொரு இழுவையை உண்டாக்குகிறது. ஏவுகணை போன பிறகும் அதை மாட்டியிருந்த பைலான் அங்கேயேதான் நிற்கும். சூலூரில் இருக்கும் தேஜஸ் போன்ற ஒற்றை என்ஜின் விமானத்துக்கு இதெல்லாம் கூடுதலாகவே உறைக்கும். தூரம் போவதற்காக வெளியே மாட்டும் கலனிலுள்ள எரிபொருளில் ஒரு பகுதி, அந்தக் கலனை இழுத்துப் போகவே செலவாகிறது. அமெரிக்க எஃப்-16 கையேட்டில் வெளியே மாட்டும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இழுவை எண் உண்டு. அவற்றைக் கூட்டிப் பார்த்துத்தான் எரிபொருள் கணக்கே போடுகிறார்கள். நம் பத்திரிகைகளின் ஒப்பீட்டு அட்டவணைகளில் வரும் ‘மாக் 2’ போன்ற வேகங்களோ பெரும்பாலும் எதையும் மாட்டாத விமானத்துக்கு உரியவை. சண்டைக்கு அப்படி யாரும் கிளம்புவதில்லை!

பிரம்மோஸை நடுவயிற்றில் மாட்டியதற்கும் காரணம் உண்டு. இவ்வளவு பெரிய ஏவுகணை ஓர் இறக்கையில் மட்டும் தொங்கினால் விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். ஏவிய கணத்தில் மறுபக்கம் சாயும். தரையிலிருந்து ஏவும் வடிவம் மூன்று டன். வானிலிருந்து ஏவுவதற்காக அதன் பூஸ்டரைச் சிறிதாக்கி அரை டன் குறைத்தார்கள்; விமானத்தின் உடலையும் பலப்படுத்தினார்கள். நாசிக்கில் 2016 ஜூன் 25 அன்று ஏவுகணையைச் சுமந்து முதல் முறை பறந்தார்கள். வங்கக் கடலில் அதை முதல் முறை ஏவிப் பார்த்தது 2017 நவம்பர் 22-ல்.

எஃப்-35 விமானத்தைப் போல ஆயுதத்தை உடலுக்குள் ஓர் அறையிலேயே வைத்துவிடலாமே என்பார்கள். வைக்கலாம், சிறிய ஆயுதமாக இருந்தால். சுமார் எட்டு மீட்டர் நீள பிரம்மோஸ் அந்த அறையில் அடங்காது. எஃப்-35-ம் அதிக ஆயுதம் தேவைப்படும்போது இறக்கைக்கடியில்தான் மாட்டுகிறது. ஏவுகணையே முந்நூறு கிலோமீட்டர் போகும்போது விமானத்துக்கு இழுவை இருந்தால் என்ன என்ற கேள்வி இதைவிட வலுவானது. எதிரியின் வான்பாதுகாப்புக்குள் நுழையாமலே ஏவிவிடலாம் என்பதால், இந்த விஷயத்தில் இழுவையைச் சகித்துக்கொள்வது லாபம்தான். ஆனாலும் ஏவும் இடம் வரை விமானம்தான் சுமந்தாக வேண்டும். 2020 அக்டோபரில் பஞ்சாபிலிருந்து கிளம்பி வங்கக் கடலில் ஒரு கப்பலைத் தாக்கிய சுகோய்க்கு வழியில் வானிலேயே எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. அந்த வேலைக்காக விமானப்படை சொந்தமாக வாங்கிய இல்யூஷின்-78 விமானங்கள் மொத்தம் ஆறுதான்.