சிறைப் பதிவேடுகளும் பிரஜையின் உரிமையும்

ஜவ்வாது மலையின் வடபுறத்து அடிவாரத்தில், அமிர்திக் காட்டுக்குச் செல்லும் வழியில் அமைந்த கணியம்பாடியிலிருந்து வேலூருக்குப் பஸ் ஏறுகிறவர்களில், கையில் துணிப்பையும் ஆதார் அட்டையின் நகலும் வைத்துக்கொண்டு தொரப்பாடியில் இறங்குகிறவர்கள் எதற்காக இறங்குகிறார்கள் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மத்திய சிறையில் இருக்கும் மகனையோ கணவனையோ ‘மனு’ போட்டுப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். அந்தச் சில நிமிஷப் பேச்சில் உடம்பு எப்படி இருக்கிறது, வக்கீல் வந்தாரா என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும். உள்ளே வைத்தியம் ஒழுங்காக நடக்கிறதா, தண்டனை என்ற பேரால் எவரேனும் தனியறையில் அடைக்கப்பட்டிருக்கிறார்களா, ஜாமீனில் வெளிவரத் தகுதி பெற்ற ஏழை ஒருவனின் பெயர் அதற்குரிய கமிட்டியின் முன் வைக்கப்பட்டதா என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை, சிறையிலும் அதைக் கண்காணிக்கும் ஸ்தாபனங்களிலும் உள்ள பதிவேடுகளில் இருக்கிறது. அப்பதிவேடுகளைக் கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு. மறுக்கிற அதிகாரிதான் தமது மறுப்பு நியாயமானது என்று நிரூபிக்கக் கடமைப்பட்டவர்.

கண்காணிப்போர் யார்?

சிறைகளைப் பார்வையிடப் பார்வையாளர்களை நியமிக்க 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டமே இடம் தந்தது. மாவட்ட ஆட்சியர், நீதிபதி முதலிய அதிகாரப் பார்வையாளர்களும், பொதுமக்களிலிருந்து நியமிக்கப்படும் அதிகாரம் சாராப் பார்வையாளர்களும் உள்ளே சென்று, சமையற்கூடத்தையும் வைத்தியசாலையையும் பார்த்து, கைதிகளின் குறைகளைக் கேட்டு, தாம் கண்டதைப் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதவேண்டும். 2017 செப்டம்பரில் சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலை பற்றிய வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்தப் பார்வையாளர் குழுக்கள் முறையாக அமைக்கப்பட்டு இயங்கவேண்டும் என்று வற்புறுத்தியது. இவற்றோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டிய விசாரணைக் கைதிகள் மறு ஆய்வுக் கமிட்டி மாவட்டந்தோறும் உண்டு. மாவட்ட நீதிபதி தலைமையில் ஆட்சியரும் போலீஸ் கண்காணிப்பாளரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரும் அதில் இருக்கிறார்கள். 1997 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு மாநில மனித உரிமைகள் ஆணையமும் சிறைகளைப் பார்வையிடும் அதிகாரம் படைத்தது. காவலில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1993 முதலே உள்ள கட்டளை.

இவ்வளவு கண்காணிப்பு ஏட்டளவில் இருந்தும் என்ன நேரக்கூடும் என்பதற்குத் தொரப்பாடியே உதாரணம். வேலூர் மத்திய சிறையின் ஆயுள் கைதி ஒருவர் சிறைத்துறை உயர் அதிகாரியின் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே திருடினார் என்று குற்றம் சாட்டப்பட்டு, தனியறையில் அடைத்துத் துன்புறுத்தப்பட்டார் என்ற புகார், அவருடைய தாயார் தொடுத்த ஆட்கொணர்வு மனுவின் மூலமாக 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிமன்றம் முதலில் வேலூர் தலைமைக் குற்றவியல் நடுவரைக் கொண்டு விசாரித்து, பின்னர் சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவிட்டது. ஒரு தாய் உயர் நீதிமன்றம் வரை போன பிறகே வெளிப்பட்ட அந்த விவகாரம் நடந்த மாதங்களில், பார்வையாளர்கள் எத்தனை முறை வந்தார்கள், தனியறைகளைத் திறந்து பார்த்தார்களா, என்ன எழுதினார்கள் என்று கேட்க எவருக்கும் அதிகாரம் உண்டு. அதைத் தருவது 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள தகவல் பெறும் உரிமைச் சட்டம்.

கேட்கும் முறை

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தாக்கித் தர உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. எதற்காகக் கேட்கிறாய் என்று வினவ அவருக்கு உரிமை இல்லை. 2014இல் காரணம் சொல்லவேண்டும் என்று தீர்ப்பில் எழுதிய சென்னை உயர் நீதிமன்றமே, சட்டத்தின் 6(2) பிரிவு கவனத்துக்கு வராமல் போனதை உணர்ந்து, சில நாட்களுக்குள் தானாகவே அவ்வாசகத்தை நீக்கிவிட்டது. தமிழ்நாட்டில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். கோர்ட் பீ ஸ்டாம்பாக ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. தவறான அலுவலகத்துக்குச் சென்ற விண்ணப்பத்தை அவர்களே ஐந்து நாட்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்றவேண்டும்.

கேட்கும் வாசகம் எப்படி அமைகிறதோ அப்படித்தான் பதிலும் அமையும். ‘கைதிகளை ஏன் கொடுமைப்படுத்துகிறீர்கள்’ என்பது தகவல் கோரிக்கை ஆகாது. அதிகாரியிடம் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியுமேயன்றி, இல்லாத விளக்கத்தை எழுதச் சொல்ல முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே பின்வருமாறு கேட்பது உத்தமம்:

‘வேலூர் மத்திய சிறைக்கு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வருகை தந்த அதிகாரப் பார்வையாளர்கள், அதிகாரம் சாராப் பார்வையாளர்கள் குறிப்பேட்டில் எழுதிய குறிப்புகளின் நகல், அக்குறிப்புகளின் மீது கண்காணிப்பாளர் எடுத்த நடவடிக்கை பற்றிய கடிதங்களின் நகல், இதே காலத்தில் விசாரணைக் கைதிகள் மறு ஆய்வுக் கமிட்டி கூடிய தேதிகளும் நடவடிக்கைக் குறிப்புகளின் நகலும், கைதிகளின் பெயர்களை மறைத்துத் தருக.’

பெயர்களை மறைத்துத் தருமாறு நாமே கேட்டுவிட்டால், அந்தரங்கம் என்ற தடை முன்கூட்டியே விலகிவிடும். மறு ஆய்வுக் கமிட்டிக்கு நீதிபதி தலைவராயிருப்பினும், நீதிமன்றங்களுக்கெனத் தனி விதிகள் இருப்பதால், சிறை அலுவலகத்தையும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் கேட்பதே சுலபமான மார்க்கம்.

ஆந்திரச் சிறைகளில் உறவினரை வைத்திருக்கும் மலைக்குடும்பங்கள் இன்னொன்றையும் அறியவேண்டும். செம்மரம் வெட்டிய வழக்குகளில் ஜவ்வாது மலையிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் சென்ற கூலிகள் பலர் அங்கே அடைபட்டனர். 2013 டிசம்பரில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் சிக்கிய தமிழர் பலர், இரண்டாண்டுக்கு மேல் சிறையிலிருந்த பிறகு 2016இல் திருப்பதி நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். அச்சிறைகளின் ஆவணங்களைக் கேட்கும் விண்ணப்பம் ஆந்திர மாநில அதிகாரிகளுக்கே செல்லவேண்டும். தமிழில் எழுதினால் ஏற்கவேண்டிய கட்டாயம் அங்கே இல்லையாதலால், ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ எழுதுவிக்கவேண்டும். எந்த மாநிலச் சிறையாயினும், முன்பு எக்குற்றத்துக்கும் தண்டனை பெறாதவராயும் வேறு வழக்கு நிலுவையில் இல்லாதவராயும் உள்ள ஒருவர், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றத்தில், அதற்குரிய உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரை விடுவிக்கும்படி நீதிமன்றத்துக்கு எழுதவேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் பொறுப்பு என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு சொல்லுகிறது. அவ்வாறு எழுதப்பட்டதா என்பதைக் காட்டுவது கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்பே.

மறுப்பும் மறுமொழியும்

பதிலுக்குச் சாதாரணமாக 30 நாள் அவகாசம். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவலானால் 48 மணி நேரம். கைதிக்கு அவசர சிகிச்சை மறுக்கப்படுகிறது என்பது போன்ற சந்தர்ப்பத்தில், ‘உயிர் சம்பந்தமான கோரிக்கை, 7(1) பிரிவு’ என்று தலைப்பிலேயே குறித்து, அதற்கான காரணத்தையும் நாலு வரியில் எழுதவேண்டும். காலம் கடந்தும் பதில் வராவிடில் சட்டம் அதை மறுப்பாகவே கருதுகிறது.

மறுப்புகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். பாதுகாப்புக்குப் பங்கம் என்பது முதலாவது. மதில், காவல் ஏற்பாடு ஆகியவற்றின் விவரத்துக்கு அது பொருந்தலாம், சோற்றின் தரத்தைப் பற்றிய பார்வையாளரின் குறிப்புக்குப் பொருந்தாது. ஒரு பக்கத்தில் மறைக்கத்தக்கது இருந்தால் அதை மட்டும் மறைத்து மீதியைத் தரவேண்டும் என்பது 10ஆம் பிரிவு. விசாரணை நடக்கிறது என்பது இரண்டாவது. விசாரணை நடப்பது மட்டும் போதாது, வெளியிடுவதால் அது எவ்விதம் தடைப்படும் என்று காட்டவேண்டும் என 2007இல் பகத் சிங் என்பவர் தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தரங்கத் தகவல் என்பது மூன்றாவது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவில் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் செய்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் இத்தடை முன்னைவிட விரிந்திருக்கிறது. ஆயினும் பொதுநலம் மேலோங்கினால் எத்தகவலையும் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே நிற்கிறது. அதை மேல்முறையீட்டில் பெயர் சொல்லி எடுத்துக்காட்டவேண்டும்.

மறுப்புக் கடிதம் வந்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அவர் 30 நாட்களில், மிஞ்சினால் 45 நாட்களில், தீர்க்கவேண்டும். அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தக்க காரணமின்றி மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இங்கே பலர் தவறிவிடும் இடம் ஒன்றுண்டு: 18ஆம் பிரிவின் கீழ்ப் புகார் மட்டும் கொடுத்தால் அபராதம் விதிக்கலாமே தவிர, ஆவணத்தைக் கொடுக்கச் சொல்ல முடியாது என்று 2011இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆவணம் வேண்டுவோர் 19ஆம் பிரிவின் மேல்முறையீட்டையே செய்யவேண்டும். ஆணையமும் கைவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற, ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன் இந்தப் பாதையைச் சிறைக்குள்ளிருந்தே நடந்து காட்டியவர். நடிகர் சஞ்சய் தத் 2016 பிப்ரவரி 25 அன்று தண்டனைக் காலம் முடியுமுன் புணே எரவாடா சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது, அதற்கு மத்திய, மாநில அரசுகளின் சம்மதம் பெறப்பட்டதா என்று அவர் தகவல் கேட்டார். மூன்றாம் நபரைப் பற்றியது என்று சிறை நிர்வாகம் மறுத்தது. மேல்முறையீட்டிலும் உரிய பதில் கிடைக்காமல் 2020இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகினார். கால் நூற்றாண்டு சிறையில் கழிந்த ஒருவர், தமக்கு ஒரு நியாயமும் பிரசித்தி பெற்றவருக்கு ஒரு நியாயமுமா என்பதைக் காகிதத்தைக் கொண்டே அளக்க முனைந்தார். அவரை 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 142ஆம் ஷரத்தின்படி விடுதலை செய்தது. அது வேறு வழக்கின் பயன். ஆனால் கைதியும் பிரஜையே, கேட்கும் உரிமை சிறை வாசலில் கழன்று விழுவதில்லை என்பதற்கு அவருடைய விண்ணப்பம் சான்று.

எச்சரிக்கை

உள்ளே இருப்பவனுக்குத் தொல்லை வருமோ என்ற அச்சம் நியாயமானதே. அதனால், ஒரு கைதியைப் பற்றிய தனிக் குறையை ஆட்கொணர்வு மனு, மனித உரிமை ஆணையம், சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகிய வழிகளில் கொண்டுசெல்வதும், தகவல் விண்ணப்பத்தை ஸ்தாபனத்தின் பொதுப் பதிவேடுகளைப் பற்றியதாக, உறவினரல்லாத ஒருவர் பேரில் அனுப்புவதும் விவேகம். ஒருவருடைய வைத்தியக் குறிப்பு வேண்டுமானால் அவரே கேட்கலாம், அல்லது அவருடைய கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தை இணைக்கலாம். அனுப்பியதன் நகலையும் தபால் ரசீதையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்தவேண்டும். காலக்கெடுவை நிரூபிப்பவை அவையே. பெண்களுக்கும், பழங்குடியினருக்கும், பட்டியல் சாதியினருக்கும், காவலில் உள்ளவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

இவ்வுரிமையைத் துன்பம் வந்த வீடு மட்டும் பயன்படுத்தினால் போதாது. கணியம்பாடி ஒன்றியத்து ஊர் ஒவ்வொன்றிலும் படித்த இளைஞர் ஒருவர், தம்மவர் எவரும் உள்ளே இல்லாவிட்டாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்துப் பார்வையாளர் குறிப்பையும் கமிட்டியின் குறிப்பையும் கேட்டு வாங்கிப் படித்து, கூட்டம் நடக்கவில்லையென்றால் ஏன் நடக்கவில்லை என்று ஆட்சியருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் எழுதுவாராகில், எழுதுவதைப் படிக்க வெளியே ஆள் இருக்கிறது என்ற நினைவே கண்காணிப்போரைத் தம் கடமைக்கு அழைத்துவரும்.