உஷார்! ‘ஹிட்லர் காலத்து லைக்கா’ விலைக்கு வருகிறது

தங்க முலாம் பூசிய உடம்பு, பாம்புத்தோல் போர்வை, மேல்தகட்டில் கழுகு முத்திரை, பக்கத்தில் ‘பெர்லின் 1936’ என்று ஒலிம்பிக் வளையங்கள். இப்படி ஒரு கேமராவைக் கையில் கொடுத்து, “ஹிட்லர் காலத்து லைக்கா சார், விட்டால் கிடைக்காது” என்று யாராவது சொன்னால், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அது பெரும்பாலும் ஜெர்மனியை எட்டிக்கூடப் பார்த்திராத சரக்கு.

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா சேர்க்கும் ஆசை மும்பையில் நம் விக்ரோலிப் பிள்ளைகளையும் பிடித்திருக்கிறது. கன்னம்வார் நகரிலிருந்தோ பார்க் சைட்டிலிருந்தோ கிளம்பி ஸ்லோ லோக்கல் பிடித்து சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கினால், பழைய சாமான் விற்கும் சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான். இதே மும்பையில் திலீஷ் பரேக் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் 4,425 பழைய கேமராக்கள் சேர்த்துக் கின்னஸில் ஏறினார். ஆசையில் தப்பில்லை. ஏமாறாமல் ஆசைப்பட வேண்டும்.

இந்தப் போலிகளின் கதை சுவாரசியமானது. 1932ல் வந்த லைக்கா II கேமராவில்தான் தூரம் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸோடு இணைத்தார்கள். இரண்டு ஜன்னல் வழியே வரும் இரண்டு பிம்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்தால் ஃபோகஸ் சரி. அதைப் பார்த்து அப்படியே செய்ததுதான் ஃபெட். வீடில்லாத சிறுவர்களுக்காக சோவியத் யூனியனின் கார்கிவ் நகரில் நடந்த கம்யூன் ஒன்றில் 1934ல் அதன் தயாரிப்பு தொடங்கியது. போருக்குப் பிறகு, 1948ல், மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையிலிருந்து ஸோர்கி வந்தது. லட்சக்கணக்கில் வந்த இந்தக் கேமராக்களின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு லைக்கா என்று பொறித்து, கழுகையோ விமானப்படைச் சின்னத்தையோ சேர்த்து விற்கும் தொழில், சோவியத் யூனியன் உடைந்த பிறகு சூடு பிடித்தது. லென்ஸிலும் இதே வேலைதான். சோவியத் லென்ஸ் நெற்றியில் லைக்கா லென்ஸின் பெயரான ‘எல்மார்’ என்று எழுதிக்கொண்டு வரும்.

கண்டுபிடிப்பது எப்படி? லென்ஸைத் திருகிக் கழற்றித் தரச் சொல்லுங்கள். கேமராவின் வாய்க்குள், மேல்பக்கமாக, லென்ஸின் பின்புறத்தைத் தொட்டு நகரும் சின்னக் கை ஒன்று தெரியும். அசல் லைக்காவில் அதன் நுனியில் உருளும் வட்டச் சக்கரம் இருக்கும். பழைய ஃபெட், ஸோர்கியில் சக்கரம் கிடையாது, ஆப்பு மாதிரி சரிந்த நாக்குதான். “கழட்டக் கூடாது சார், கெட்டுப்போயிடும்” என்று விற்பவர் பதறினால் அதுவே உங்களுக்குப் பதில். தங்க லைக்கா என்று ஒன்று இல்லவே இல்லையா என்றால், இருந்தது. 1929லிருந்து வந்த லக்ஸஸ் என்ற மாடல். மொத்தமே நூறைத் தொடவில்லை. அது நடைபாதைத் துணியில் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று நம்புகிறவரை யாரும் காப்பாற்ற முடியாது.

ஃபெட்டை ஃபெட் என்று சொல்லி, ஃபெட் விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். நல்ல கேமரா. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஃபிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஏற்றுமுன் திருப்பினால் உள்ளே பழுதாகலாம். அதே ரகத்தில் யாஷிகா எலக்ட்ரோ 35 பார்க்கிறீர்களா? ஃபிலிம் லீவரைத் தள்ளும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளிருக்கும் ரப்பர் திண்டு பொடிந்துவிட்டது, வேலை வைக்கும்.

ஆன்லைனில் வாங்கி விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பணம் வர நீங்கள் எந்த க்யூஆர் கோடையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால் ஃப்ராடு. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

போலியைவிட எனக்குப் பெரிய பயம் மழை. விக்ரோலிக்குக் கிழக்கே அலையாத்திக் காடும் தானே கிரீக்கும். ஜூலையில் சுவரைத் தொட்டாலே கை ஈரமாகும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் சில நாள் நின்றால் போதும், லென்ஸுக்குள் ஃபங்கஸ் கிளை விடும். அது விடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்றுவிட்டால் துடைத்தும் போகாது. ரேஞ்ச்ஃபைண்டரில் இன்னொரு வம்பு. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். இதில் பார்ப்பது தனி ஜன்னல் வழியாக. ஜன்னல் பளிச்சென்று இருக்கும், லென்ஸ் குருடாகிக் கிடக்கும், ஃபிலிமைக் கழுவும்வரை தெரியாது. ஆகவே வாங்கும்போதே, லென்ஸ் கழன்றால் கழற்றியே டார்ச் அடித்துப் பாருங்கள்; கழலாவிட்டால் பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’யில் வைத்துத் திறந்து பிடித்து, டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் வேண்டாம். ஏற்கெனவே அப்படி ஒன்று கையில் இருந்தால் மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

கேமராவோடு வரும் தோல் உறை அழகுதான், ஆனால் ஃபங்கஸின் தாய்வீடே அதுதான். தனியாக வையுங்கள். பீரோவில் போடுகிற அந்துருண்டையைக் கேமரா பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் படிந்து மங்கலாக்கும். அரிசி டப்பாவில் புதைப்பது அதைவிட மோசம், மாவுத்தூசி உள்ளே போகும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், நூறு இருநூறு ரூபாய் ஈரமானி போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும்.

இனி, யூடியூப் பார்த்துத் திருப்புளியைக் கையில் எடுப்பவர்களுக்கு. உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் சொல்கிறேன். பழைய பிசினைக் கரைக்க லைட்டர் திரவம் பயன்படுத்துவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில், ஒரு மூலையில் கேஸ் அடுப்பும் இன்னொரு மூலையில் சாமி விளக்கும் எரிய, ஜன்னலைச் சாத்திக்கொண்டு இந்த வேலை செய்யாதீர்கள். ஆவி பற்றினால் குடும்பமே தீயில் மாட்டும். ஃபிளாஷ் உள்ளேயே இருக்கும் கேமராவை, பேட்டரியைக் கழற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் திறக்காதீர்கள். கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். பேட்டரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெறுங்கையால் சுரண்ட வேண்டாம். அந்தக் காலத்துப் பேட்டரிகள் பல பாதரசம் கொண்டவை, இன்று பெரும்பாலான நாடுகள் அவற்றை விலக்கிவிட்டன. 1.35 வோல்ட் கேட்கும் கேமராவுக்குக் காது மெஷின் பேட்டரி, 675 எண், ஏறக்குறைய ஒத்துப்போகும்.

மஞ்சள் பாய்ந்த சில பழைய லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் உண்டு. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் அதே தோரியம். அலமாரியில் வைத்தால் பயமில்லை. தேய்த்துப் பாலிஷ் போட்டுத் தூசியை மூக்கில் ஏற்றிக்கொள்வதுதான் ஆபத்து.

அடுத்து கேமராவின் உயிர். ரேஞ்ச்ஃபைண்டருக்குள் பாதி ரசம் பூசிய கண்ணாடி ஒன்று உண்டு. தூசி என்று பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் ரசம் பஞ்சோடு வந்துவிடும், அப்புறம் இரண்டாவது பிம்பமே தெரியாது. ஊதுபையால் ஊதுங்கள், தொடாதீர்கள். ஃபோகஸ் இறுகியிருக்கிறதே என்று தையல் மெஷின் எண்ணெய் விடாதீர்கள். அது ஊர்ந்துபோய் ஷட்டர் இதழ்களை ஒட்டவைக்கும். துணித்திரை ஷட்டர் கேமராவை மூடி போடாமல் வெயிலைப் பார்த்து வைத்தால், லென்ஸ் சூரியனைக் குவித்துத் திரையில் ஓட்டை போட்டுவிடும்.

நம்மால் முடியாது என்று தெரிந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கொடுக்குமுன் கேமரா எண், லென்ஸ் எண் இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல லென்ஸ் உள்ளே போய் வேறு லென்ஸ் வெளியே வரும் கடைகளும் உண்டு. ரசீதில் இரண்டு எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.