கொல்லிப்பாவை

கொல்லிப்பாவை என்பது நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் இருந்ததாகச் சங்கப் பாடல்கள் குறிப்பிடும் பெண் உருவம் ஆகும். வல்வில் ஓரி ஆண்ட இம்மலை, அவனுக்குப் பின் சேரர் வசமானது. பாவை பற்றி இன்று பரவலாகச் சொல்லப்படும் கதையும் சங்கப் பாடல்கள் தரும் செய்தியும் முழுவதும் ஒன்றல்ல. மாணவர்கள் இரண்டையும் பிரித்து அறிவது நல்லது.

சங்கப் பாடல்களில்

- பாவை இருந்த இடம் கொல்லியின் குடவரை, அதாவது மேற்கு மலைப்பக்கம். இன்றைய சேந்தமங்கலம், இராசிபுரம் சமவெளியை நோக்கிய பக்கம் இது.
- அதைச் செய்தது தெய்வம் என்று குறுந்தொகை 89, நற்றிணை 185 ஆகியவை கூறுகின்றன. பூதம் செய்தது என்கிறது நற்றிணை 192.
- காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் அழகு அழியாது என்கிறது நற்றிணை 201. அதுபோலத் தலைவியும் தன் நெஞ்சை விட்டு நீங்காள் என்கிறான் தலைவன்.
- தலைவி அந்தப் பாவையைப் போலத் தன்னைக் கொல்லக் கருதிவிட்டாள் என்று நற்றிணை 185இல் தலைவன் வருந்துகிறான்.
- முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்த செய்தியோடு பாவையின் புகழையும் சேர்த்துச் சொல்கிறது அகநானூறு 209.

வழங்கும் கதை

மலையில் தவம் செய்த முனிவர்களை அசுரர்கள் துன்புறுத்தினர். அவர்களைத் தடுக்கத் தெய்வத் தச்சன் ஒரு பாவையை அமைத்தான். அசுரர் நெருங்கினால் அது சிரித்து, மயக்கிக் கொல்லும். இதுவே கதை. மேற்கண்ட பாடல்களில் முனிவரோ அசுரரோ சிரிப்போ இல்லை. கொல்லும் தன்மை மட்டும் நற்றிணை 185இல் உவமையாக வருகிறது. கேட்பவருக்குக் கதை முன்பே தெரியும் என்பதால் புலவர் சுருக்கியிருக்கலாம். உவமையிலிருந்து கதை பின்னர் வளர்ந்தும் இருக்கலாம். பாடல்களை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய இயலாது.

ஓர் ஒப்பீடு

வடஐரோப்பிய வைக்கிங் காலத் தொன்மங்களிலும் இதே நிலை உண்டு. அங்குள்ள புலவர்கள் பொன்னைச் 'சிஃப்பின் கூந்தல்' என்பர். சிஃப், இடித்தெய்வமான தோரின் மனைவி. அவள் கூந்தலை லோகி வெட்டிவிட, குள்ளர்கள் பொன்னால் கூந்தல் செய்து தந்தனர் என்ற விளக்கம் ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் ஏறத்தாழ 1220இல் தொகுத்த எட்டா நூலில் உள்ளது. ஐஸ்லாந்து கிறித்தவம் ஏற்று அப்போது இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. எனவே பழம்பாடலின் குறிப்பையும் பின்வந்த விளக்கத்தையும் ஆய்வாளர்கள் தனித்தனியே எடை போடுகின்றனர்.

இன்று

கொல்லிமலையிலுள்ள எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவையாகக் கருதி வழிபடுவோர் உள்ளனர். இது வாழும் நம்பிக்கை, மதிக்கத்தக்கது. ஆனால் கட்டுரையிலோ தேர்விலோ எழுதும்போது, 'சங்கப் பாடல் கூறுகிறது', 'மக்கள் கூறுகின்றனர்' என்று பிரித்து எழுதுவதே சரியான முறை.