சண்டை மீனுக்கு ஏற்ற அயலவர் யார்?

வவுனியாவிலும் சரி, கிளிநொச்சியிலும் சரி, அலங்கார மீன் விற்கும் கடைக்குப் பிள்ளைகளோடு போன தாய்மாருக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். மற்ற மீன்களெல்லாம் பெரிய தொட்டியில் கூட்டமாகத் திரியும். ஒரு வகை மீனை மட்டும் சிறு சிறு போத்தல்களில் தனித்தனியாக அடைத்து வைத்திருப்பார்கள். நீலமும் சிவப்புமாக, விரித்த பட்டுத் துணி போன்ற வாலும் செட்டையுமாக நிற்கும் அதைப் பிள்ளைகள் "பைட்டர்" என்பார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து இரண்டு நாள் கழிவதற்குள் கேள்வி வந்துவிடும்: "உம்மா, இது தனிய இருக்கு, பாவம். இதுக்கு ஒரு கூட்டாளி வாங்குவமா?"

பிள்ளையின் இரக்கம் நல்லதுதான். ஆனால் அந்த இரக்கத்தினாலேயே செத்துப் போன மீன்கள் ஏராளம். ஆகவே பதில் சொல்லுமுன் அந்த மீனின் ஊரையும் குணத்தையும் கொஞ்சம் அறிந்துகொள்வோம்.

இதன் பிறந்தகம் தாய்லாந்து. வயல்களிலும் ஆழமில்லாத சதுப்பு நீரிலும் வாழும். அந்நாட்டு மொழியில் இதற்கு "பிளா கட்" என்று பெயர். கடிக்கும் மீன் என்பது பொருள். பந்தயம் கட்டிச் சண்டைக்கு விடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக இதை வளர்த்தார்கள். 1840ஆம் ஆண்டு சியாம் மன்னர் தியோடர் கேன்டர் என்ற மருத்துவருக்கு இம்மீன்கள் சிலவற்றைக் கொடுத்தார். அதன் பின்னரே மேல்நாட்டார் இதை நன்கு அறிந்தனர். "பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்" என்ற விஞ்ஞானப் பெயரைச் சூட்டியவர் சார்ள்ஸ் டேட் ரீகன், 1910இல். 2019இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது.

வயல் நீரில் இரண்டு ஆண் மீன்கள் மோதிக்கொண்டால், தோற்றது ஓடிப் புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும், கதை முடிந்தது. கண்ணாடித் தொட்டிக்குள் ஓடுவதற்கு எங்கே இடம்? வென்றது விடாமல் துரத்தும், தோற்றது செட்டை கிழிந்து சாகும். எனவே ஒரு தொட்டியில் இரண்டு ஆண்கள் ஒருபோதும் கூடாது. இரண்டு போத்தல்களை அருகருகே வைத்து, அவை செவுள் விரித்துச் சீறுவதைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற அறிவிப்பு அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அதை எடுத்துச் சொல்ல இது பொருத்தமான நேரம்.

"அப்படியானால் ஒரு பெண் மீனைச் சேர்ப்போமே" என்பார்கள். அதுவும் சரிவராது. முட்டையிடும் காலத்தில் ஆண் மீன் நீர்மட்டத்தில் நுரைக் குமிழிகளால் ஒரு கூடு கட்டும். பெண் இட்ட முட்டைகளை வாயால் பொறுக்கி அதற்குள் வைத்துக் காவல் காப்பதும் தகப்பன்தான். ஆனால் முட்டையிட்டு முடிந்ததும் தாயையே கடித்துத் துரத்தும். அந்த வேளையில் பெண் மீனை வெளியே எடுக்காவிட்டால் அதன் உயிர் மிஞ்சாது.

சொந்தக்காரரும் ஆகாது! இந்த மீன் செவுளால் மட்டுமன்றி, தலைக்குள் இருக்கும் ஓர் உறுப்பினால் வெளிக்காற்றையும் சுவாசிக்கிறது. இடைக்கிடை மேலே வந்து வாய் திறப்பது அதற்காகத்தான். போத்தலுக்குள் உயிர் பிழைப்பதும் அதனால்தான். (பிழைப்பது வேறு, நலமாக வாழ்வது வேறு, போத்தல் அதற்கு வீடாகாது.) இதே வகைச் சுவாசம் உள்ள உறவினர் நம் பக்கத்திலும் உண்டு. பனையேறிக் கெண்டை அவற்றில் ஒன்று. 1791இல் தரங்கம்பாடியில் ஒரு பனை மரத்தில், நீருக்கு ஐந்தடி உயரத்தில் அதைப் பிடித்ததாக டால்டோர்ப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதி வைத்தார். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கௌராமி மீன்களைக் கடையில் வாங்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. சாயலில் தன்னைப் போன்றதைத்தான் சண்டை மீன் முதலில் தாக்கும்.

கப்பி மீனும் இதே காரணத்தால் ஆபத்தில் விழும். அதன் வண்ண வாலைக் கண்டு, இன்னொரு சண்டை மீன் வந்துவிட்டது என்று இது எண்ணிவிடும். கோல்ட் பிஷ் குளிர்ந்த நீருக்குரியது, கழிவும் அதிகம். டைகர் பார்ப் மீனோ நீண்ட செட்டையைக் கண்டால் கடித்துப் பிய்க்காமல் இராது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் "டேங்க் கிளீனர்" விரலளவில் வந்து, ஓரடிக்கும் மேல் வளரும்.

வன்னிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: குளத்திலும் வாய்க்காலிலும் பிடித்து வருவது. செந்நிறத்தில் கூட்டமாகத் திரியும் விரால் குஞ்சுகள் அழகானவைதான். வளர்ந்ததும் அவை சண்டை மீனையே விழுங்கிவிடும். 1950களில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் அப்படித்தான், முரட்டு மீன். குளத்து மீனோடு ஒட்டுண்ணிகளும் கூடவே வரும்.

பிறகு யார்தான் ஏற்ற அயலவர்? சண்டை மீன் பெரும்பாலும் மேல் நீரில் திரிவது. ஆகவே அடியில் வாழும் சாதுவான மீன்களே நல்லவை. கொரிடோராஸ் என்ற சிறு கெளிற்று இனம் ஒன்று. அதைத் தனியே வாங்காமல் ஆறையாவது சேர்த்து வாங்க வேண்டும். புழுப்போல நெளியும் கூலி லோச் மற்றொன்று. நம் நாட்டு மீனே வேண்டுமென்றால் செரி பார்ப் இருக்கிறது. தென்மேற்கின் நிழல் ஓடைகளில் மட்டும் வாழும் இதை 1929இல் விவரித்தவர் பி. ஈ. பி. தெரணியகல. டைகர் பார்ப் மீனுக்கு உறவு என்றாலும் குணம் சாதுவானது. காட்டு ஓடையில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு, வளர்த்ததையே வாங்குங்கள். இத்தனைக்கும் நாற்பது, ஐம்பது லீற்றர் தொட்டியும் அடர்ந்த நீர்ச்செடிகளும் வேண்டும். அது இல்லாத வீட்டுக்கு ஒரு நத்தை போதும். கேத்தலில் வெள்ளையாகப் படியும் நம் கிணற்று நீரின் சுண்ணாம்பு நத்தையின் ஓட்டுக்கு நல்லது. குழாய் நீரானால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் வாடை போனபின் ஊற்றுங்கள். நமது வெப்பத்தில் சூடாக்கும் கருவி தேவையில்லை; யன்னல் வெயிலில் மட்டும் தொட்டியை வைக்க வேண்டாம்.

புதியவற்றை இரண்டு வாரம் வேறாக வைத்து, நோயில்லை என்று கண்டபின் முதலில் அவற்றைத் தொட்டியில் விட்டு, சண்டை மீனைக் கடைசியாக விடுங்கள். முதலில் குடியேறியது தொட்டி முழுவதையும் தன் வளவு என்று எண்ணும். சண்டை மீன் வளர்ப்போர் சொல்வது போல, ஒரே இனத்திலும் ஒன்று சாது, ஒன்று முரடு. ஆகவே முதல் நாள் பகலில் கூடவே இருந்து பாருங்கள். செட்டை கிழிவதோ, ஒரு மீன் மூலையில் ஒதுங்கி உண்ணாமலிருப்பதோ கண்டால் உடனே பிரிக்க, நீர் நிரப்பிய இன்னொரு பாத்திரம் தயாராக இருக்கட்டும்.

பிரித்துத் தனியே வைத்தால் பாவம் என்று பிள்ளை அழலாம். இயற்கையில் ஆண் சண்டை மீன் தனக்கென ஓரிடம் பிடித்துத் தனியே வாழ்வதுதான் என்று சொல்லுங்கள். பிள்ளையே தினமும் தீனி போட்டுப் பேசட்டும். சிறுவர் அபூ உமைர் வளர்த்த குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த செய்தியையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஒத்துவராத மீனை இரணைமடுவிலோ பக்கத்துக் குளத்திலோ கொண்டுபோய் விட வேண்டாம். வாங்கிய கடையில் கேட்டுப் பாருங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் அயல் வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள்.