அசையாத முள்

கல்லூரி ஆய்வகத்தில் தாங்கல் கரைசல் பாடத்தை நான் இரண்டு பீக்கர்களோடுதான் தொடங்குவேன். ஒன்றில் 100 மில்லி காய்ச்சி வடித்த நீர். மற்றதில் அதே அளவு தாங்கல் கரைசல்: அசிட்டிக் அமிலம் 10 மில்லிமோல், சோடியம் அசிட்டேட் 10 மில்லிமோல். இரண்டிலும் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு மில்லி. தண்ணீரின் பி.எச். 7-லிருந்து 2-க்கு விழும். தாங்கல் கரைசலோ 4.76-லிருந்து 4.67-க்கு வரும், அவ்வளவுதான். பழைய முள் மீட்டரில் அது நகர்ந்ததா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

கணக்கில் எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில். ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சூத்திரத்தைக் கண்டதும் பழைய எண்களைப் போட்டுவிடுவார்கள். முதலில் வரவு செலவு பாருங்கள் என்பேன். வந்த 1 மில்லிமோல் அமிலத்தை அசிட்டேட் விழுங்கி, அசிட்டிக் அமிலமாகிவிடும். ஆக அசிட்டேட் 9, அமிலம் 11. இனிதான் சூத்திரம்: 4.76 கூட்டல் மடக்கை 9/11. மடக்கையின் மதிப்பு மைனஸ் 0.09, விடை 4.67. கன அளவு மேலும் கீழும் அடிபட்டுப்போவதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

1908-இல் ஹெண்டர்சன் தந்த சமன்பாட்டை நாம் மேலே போட்ட இந்த மடக்கை வடிவில் எழுதியவர் டென்மார்க்கின் ஹாசல்பால்க். இருவரின் அக்கறையும் ரத்தத்தின் மீதுதான், அதன் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

மீண்டும் ஆய்வகத்துக்கு வந்தால், தாங்கல் கரைசல் இருக்கும் பீக்கரில் அதே அமிலத்தைப் பத்து மில்லி ஊற்றினால் அசிட்டேட் தீர்ந்துவிடும். அதன்பின் இந்தச் சூத்திரம் செல்லாது.